உன் அக்காள் பத்து நாள் ஜெயிலுக்குப் போகிறேன் என்கிறாள்

செல்லூர், மதுரை
வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி

அன்பும் அடக்கமும் நிறைந்த மைத்துனன் சோணைக்கு, உன் அக்காள் மலையம்மாளின் வீட்டுக்காரனும் ஓய்வு பெற்ற தபால்காரனுமான சங்கிலி எழுதிக்கொள்வது.

வால்பாறையில் மழை விட்டதா, எஸ்டேட்டில் அட்டைக் கடி குறைந்திருக்கிறதா, உன் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி தேவலையா என்றெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. கேட்டதாக வைத்துக்கொள். "இங்கு யாவரும் சுகம்" என்று எழுதித்தான் இத்தனை வருஷமாக உனக்குக் கடிதம் தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கும் எழுதினேன், எழுதிவிட்டு அடித்தேன். மேலே அடித்திருப்பது அந்த வரிதான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்துப் பார்த்து நேரத்தை வீணாக்காதே.

போனில் பேசாமல் ஏன் காகிதம் என்று நினைப்பாய். உன் எஸ்டேட்டில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். கிடைத்தாலும் என் வீடு ஒன்றரை அறை. ஓர் அறையில் நான் மூச்சுவிட்டால் மிச்ச அரை அறையில் உன் அக்காளுக்குக் கேட்கும். வாட்ஸப் இருப்பது அவள் போனில். அதனால் மின்கட்டணம் கட்டிவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, நான் வேலை பார்த்த அதே தபால் ஆபீஸின் பெஞ்சில், பசை டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வயதாகிவிட்டது என்று நினைக்காதே, பயம்தான்.

விஷயம் இது, மாப்ள. உன் அக்காள் வருகிற வியாழக்கிழமை ஜெயிலுக்குப் போகிறாள். யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அவளாகப் போகிறாள். இரண்டு சேலை, ஒரு சீப்பு, தைராய்டு மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் துணிப்பையில் மடித்து வைத்து ஒரு வாரம் ஆகிறது. நீ வந்து தடுக்க வேண்டும். நான் சொன்னால் கேட்கிற நிலைமை தாண்டிவிட்டது. அது எப்படித் தாண்டியது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் சந்தில் ஏதோ ஒரு கம்பெனிக்கு கேபிள் பதிக்கிறேன் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்து வாசலுக்கு வாசல் இடுப்பளவு பள்ளம் தோண்டினான். தோண்டியவன் இரண்டு நாளில் மூடுவதாகச் சொல்லிவிட்டுப் போய் பத்தொன்பது நாள் வரவில்லை. பள்ளத்தின் மேல் ஆளுக்கொரு பலகையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போவதும் வருவதுமாக இருந்தோம். நான் பலகையில் நடக்கும்போதெல்லாம் உன் அக்காள் கையைப் பிடித்துக்கொள்வேன், அதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம். பன்னிரண்டாம் நாள் எதிர்வீட்டுத் தறிக்காரர் பீமாராவ் நூல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், பலகை சரிந்து உள்ளே விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். தறி ஓட்டுகிறவருக்கு வலது கை போனால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அக்காள் காண்ட்ராக்டர் ஆபீசுக்கு நாலு தடவை போனாள். நாலு தடவையும் "நாளைக்கு ஆளனுப்புறோம்மா" என்றார்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் ஒரு லாரி வந்தது. பள்ளத்தை மூட வந்தது என்று நினைத்தோம். மிச்சமிருந்த கேபிள் உருளையை ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறது. உன் அக்காள் வீட்டுக்குள் போனாள், நான் படுத்திருந்த இரும்புக் கட்டிலை என்னை எழுப்பிவிட்டு இழுத்துக்கொண்டு வந்தாள், சந்து ரோட்டில் சேருகிற இடத்தில் குறுக்கே போட்டாள், மேலே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "மண்ணப் போட்டுட்டு லாரிய எடுத்துட்டுப் போங்கய்யா" என்றாள்.

காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் மத்தியானம் ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை. செல்லூர் ரோடு எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா. லாரி சந்துக்குள், அதற்குப் பின்னால் ஆட்டோ, தறிக்குப் பாவுநூல் ஏற்றிய வண்டி, பால் வண்டி, ரோட்டில் ஒரு டவுன் பஸ். போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "எந்திரிங்கம்மா, மேல எழுதி அனுப்பிச்சு மூடச் சொல்றோம்" என்றார். "எழுதுறதெல்லாம் எழுதுங்கய்யா. அது வரைக்கும் நான் உக்காந்திருக்கேன்" என்றாள். கடைசியில் காண்ட்ராக்டரே வந்து, ஆளை வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் பள்ளத்தை மூடினான். மூடின பிறகுதான் கட்டிலை விட்டு இறங்கினாள். பள்ளத்தையும் மூடினார்கள், அவள் மேல் வழக்கையும் போட்டார்கள். பொது வழியில் இடைஞ்சல் செய்ததாக.

இந்த இடத்தில் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு டீ குடித்து யோசித்தேன். கட்டிலைச் சுற்றிக் கூட்டம் நின்றபோது நான் ரேஷன் கடைச் சுவரோரம் நின்றிருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பார்த்து, "இந்தம்மா வீட்டு ஆம்பள யாருப்பா, வந்து சொல்லி எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி குனிந்தேன். என் செருப்புக்கு வாரே கிடையாது, ரப்பர் செருப்பு. நிமிர்ந்தபோது அவர் அங்கிட்டு நகர்ந்துவிட்டார். முப்பத்து நாலு வருஷம் காக்கிச் சட்டை போட்டவன்தான் நான், ஆனால் அடுத்தவர் போட்ட காக்கியைப் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். கோர்ட் முத்திரை போட்ட பதிவுத் தபாலை எத்தனை வீட்டில் கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போடும்போது அவர்கள் முகம் போகிற போக்கை எத்தனை பார்த்திருக்கிறேன், அதெல்லாம் சேர்ந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. உன் அக்காள் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் மேல் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வழக்கு போன மாதம் கோர்ட்டுக்கு வந்தது. தெருமுனை வீட்டுப் பெண் தமிழ்வாணி, வக்கீலுக்குப் படித்து அஞ்சு வருஷமாகக் கறுப்புக் கோட்டு போடுகிறாளே, அவள் காசு வாங்காமல் வந்து நின்றாள். நீதிபதி ஒரு அம்மா. "பொது வழியில கட்டில் போட்டு உட்கார்ந்தது உண்மையா?" என்று கேட்டார். "உக்காந்தது உண்மைதாங்கம்மா. ஆனா அங்க வழி இல்ல. பத்தொம்பது நாளா குழிதான் இருந்துச்சு" என்றாள் உன் அக்காள். நீதிபதி குனிந்து எழுத ஆரம்பித்தார், ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு சொன்னார்: இரண்டாயிரம் ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் பத்து நாள் வெறுங்காவல். அப்பாடா என்று நான் சட்டைப் பையில் கை விட்டேன். உன் அக்காள் என் பக்கம் திரும்பாமலே, "நான் அபராதம் கட்டலைங்கம்மா. குழி தோண்டுனவுகளுக்கு ஒண்ணுமில்ல, அது முன்னாடி உக்காந்தவளுக்கு அபராதம்னா அதக் கட்ட எனக்கு மனசு வரல. பத்து நாள் போயிட்டு வாரேன்" என்றாள். நீதிபதி கோபப்படவில்லை. "யோசிச்சுப் பாருங்கம்மா, முப்பது நாள் அவகாசம் தாரேன்" என்று சொல்லி, அது முடிகிற அன்றைக்கு வந்து நிற்பதாக ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார். அந்த முப்பது நாள்தான் வருகிற வியாழக்கிழமையோடு முடிகிறது.

வெளியே வந்ததும் தமிழ்வாணியிடம், "வெறுங்காவல்னா என்னம்மா?" என்று உன் அக்காள் கேட்டாள். "கடுங்காவல்னா உள்ள வேல குடுப்பாங்க பெரியம்மா. வெறுங்காவல்னா வேல கெடையாது, சும்மா இருக்கணும்" என்றாள் அந்தப் பெண். நான் அங்கேயே அவள் வாயை மூடியிருக்க வேண்டும். உன் அக்காள் கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். "சமைக்க வேணாமா?" "வேணாம்." "தண்ணி புடிக்க வேணாமா?" "வேணாம் பெரியம்மா." "அப்ப சோறு?" "அவங்களே நேரத்துக்குக் குடுப்பாங்க." உன் அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "முப்பத்தியொரு வருசம் கடுங்காவல் இருந்தாச்சு, பத்து நாள் வெறுங்காவல் இருந்துட்டு வாரதுக்கு என்ன" என்றாள். அன்றைக்கு முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மாப்ள.

டீக்கடையில் என் கூட்டாளி மொக்கையனிடம் சொன்னது அடுத்த தப்பு. "அண்ணே, பத்து நாள்னு எழுதுவாங்க, அது எழுத்துக்கு. உள்ள போனா நீண்டுக்கிட்டே போகும். எங்க சித்தப்பா பதினஞ்சு நாள்னு போனவரு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வந்தாரு" என்றான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். பணம் கட்டுகிற வரைக்கும் விடமாட்டார்கள், இவள் கட்டமாட்டாள், அப்படியானால் ஆயுசு முழுக்க உள்ளேதான் என்று மனசு கணக்குப் போட்டது. மறுநாள் விசாரித்ததில் அந்தச் சித்தப்பா போனது ஜெயிலுக்கு இல்லை, கேரளாவில் இன்னொரு குடும்பத்துக்கு. ஆனால் பயம் வந்தது வந்ததுதான், காரணம் பொய்யென்று தெரிந்ததும் அது இறங்கிப் போய்விடுவதில்லை.

அதனால் தமிழ்வாணி வீட்டுக்குத் தனியாகப் போனேன். அந்தப் பெண் பொறுமைசாலி. "பெரியப்பா, மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள். பத்து நாள் எத்தனை நாளாகும் என்று கேட்டேன். "பத்து நாள் பத்து நாள்தான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை சேருமா சேராதா என்று கேட்டேன், எங்கள் இலாகாவில் சேராது. "எல்லா நாளும் சேரும் பெரியப்பா" என்றாள். நாளைக்கு வேறு ஒரு நீதிபதி வந்து இதை நீட்ட முடியுமா என்று கேட்டேன். அப்போதுதான் ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். இப்போது வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் எட்டாவது பிரிவு இதற்கென்றே இருக்கிறதாம். பெரியம்மா மேல் போட்டது அபராதம் மட்டும் விதிக்கிற குற்றம், சிறை கிடையாது. அந்த மாதிரிக் குற்றத்தில் அபராதத்தைக் கட்டாமல் போனாலும், தொகை ஐயாயிரத்துக்குள் இருந்தால், எந்த நீதிபதியும் இரண்டு மாசத்துக்கு மேல் போட முடியாது, அதுவும் வெறுங்காவல் மட்டும்தான். "ஜட்ஜம்மா போட்டது பத்து நாள். அதுக்கு மேல ஒரு நாள் வச்சிருக்க ஜெயிலருக்கு அதிகாரம் இல்ல. பணம் கட்டாதவங்கள கட்டுற வரைக்கும் பூட்டி வைக்கிறதுன்னு சட்டத்துல கெடையவே கெடையாது" என்றாள்.

எனக்கு உயிர் பாதி வந்தது. மிச்சப் பாதி வருவதற்குள் அடுத்த கேள்வியைக் கேட்டுத் தொலைத்தேன். பத்து நாள் இருந்து வந்த பிறகும் அபராதம் பாக்கி நிற்குமா என்று. "முழுசா இருந்துட்டு வந்துட்டா பொதுவா வசூலுக்கு வர மாட்டாங்க. ஏதாச்சும் விசேஷக் காரணம் இருந்தா, நீதிபதி அதை எழுதி வச்சு வசூல் பண்ண உத்தரவு போடலாம்" என்றாள். விசேஷக் காரணம் என்றால் என்ன என்று கேட்டேன். அது வழக்குக்கு வழக்கு மாறும் என்றாள். உன் அக்காளைக் கட்டினதிலிருந்து என் வாழ்க்கையில் நடந்தது எல்லாமே விசேஷக் காரணம்தான், நான் எதை என்று நினைத்து நிம்மதியாக இருப்பேன்.

ஆனால் அவள் கடைசியாகச் சொன்னது எனக்கு ஒரு வழி காட்டியது. உள்ளே போன பிறகும் எந்த நிமிஷம் அபராதம் கட்டப்படுகிறதோ அந்த நிமிஷம் காவல் முடிந்துவிடுமாம். முழுதாகக் கட்ட வேண்டும் என்றுகூட இல்லை. இருந்த நாளைக் கழித்துக்கொண்டு மிச்ச நாளுக்கு உள்ள பங்கைக் கட்டினாலும் விட்டுவிட வேண்டுமாம். யார் கட்டினாலும் சரியா என்று கேட்டேன். "யார் கட்டினாலும் பணம் பணம்தான் பெரியப்பா. ஆனா பெரியம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லீராதீங்க" என்றாள். நீதிமன்றத்துக்கே பயப்படாத பெண், உன் அக்காளுக்குப் பயப்படுகிறாள். அப்படியிருக்க என்னை மட்டும் குறை சொல்லலாமா.

அப்படியானால் உள்ளே போகவிடாமல் இப்போதே ரகசியமாகக் கட்டிவிடலாம் என்று கோர்ட்டுக்குப் போனேன். பணம் வாங்குகிற இடத்தில் இருந்தவர் வழக்கு நம்பர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தீர்ப்பு நகல் இருந்தால் எடுத்து வாருங்கள் என்றார். நகல் வீட்டில் உளுந்து டப்பாவுக்குள் இருக்கிறது. உன் அக்காள் பால் வாங்கப் போன நேரம் பார்த்து டப்பாவைத் திறந்து கையை விட்டேன். முழங்கை வரைக்கும் உளுந்தோடு நிற்கும்போது அவள் வந்து நின்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்ன தேடுறீக?" என்றாள் அமைதியாக. சும்மா, பூச்சி இருக்கிறதா என்று பார்த்தேன் என்றேன். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இங்க பாருங்க. அன்னைக்கு அந்த அதிகாரி, வீட்டு ஆம்பள யாருன்னு கேட்டப்ப நீங்க குனிஞ்சீகளே, நான் பாத்தேன். பயந்த மனுசன், போகட்டும்னு விட்டுட்டேன். ஆனா அன்னைக்கு நான் யாரோன்னு நின்னுட்டு, இப்ப ரசீதுல மட்டும் புருசன்னு எழுதி என்னய மீட்டுட்டு வரப் போறீகளாக்கும்? நீங்க காசக் கட்டுனீகன்னா நான் செஞ்சது தப்புன்னு ஆயிரும். பீமாராவ் கை ஒடிஞ்சது சரின்னு ஆயிரும். கட்டக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு, உளுந்தைக் கொட்டாமல் கையை வெளியே எடுக்கச் சொன்னாள். நான் கையை எடுத்தேன். அதிலிருந்து அந்த டப்பா இருக்கிற அலமாரிப் பக்கம்கூட நான் போவதில்லை.

அடுத்து என்னைப் பிடித்த பயம் சம்பந்தி வீடு. நம் முத்துச்செல்வியைப் பரவையில் கொடுத்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. மருமகளின் அம்மா ஜெயிலுக்குப் போனவள் என்று அந்த வீட்டில் யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் பிள்ளை என்ன ஆகும். மற்றவர் வாயால் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுவது என்று ஒரு சீப்பு பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பரவை மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கி அவர்கள் வீட்டுக்கு நடப்பதற்குள் மூன்று தடவை திரும்பி நடந்தேன். சம்பந்தியம்மா கத்தரிக்காய் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர், நான் சொல்லச் சொல்ல கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும் நிலை வாசலைப் பார்த்து யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, "அண்ணே, வெறுங்காவல்னா அடுப்படிப் பக்கமே போக வேணாமா?" என்று கேட்டார். வேண்டாமாம் என்றேன். "பத்து நாளும்?" பத்து நாளும் என்றேன். "எங்க தெருவுலயும் போன மாசம் தோண்டிப் போட்டானுக. எங்கிட்டயும் ஒரு கட்டில் கெடக்கு" என்றார். பழத்தை வைத்துவிட்டு, மருமகளிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நான் பஸ் ஏறுவதற்குள் முத்துச்செல்வி அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்வெட்டர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

இப்போது வீட்டில் எனக்குப் பயிற்சி நடக்கிறது. காலை ஏழு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கச் சொல்லித் தருகிறாள். கேஸ் குழாயைத் திறக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், தீக்குச்சி விரலைச் சுடுகிறது. ரசத்துக்குப் புளி எம்புட்டு, உப்பு எம்புட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் என்ன செய்வது, தண்ணீர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வரும் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வருகிறாள். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்றே எனக்கு இந்த வாரம்தான் தெரியும். இத்தனையையும் முப்பத்தியொரு வருஷம் ஒருத்தி தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள் என்பதும் இந்த வாரம்தான் தெரியும். முந்தாநாள் நான் வைத்த குழம்பை ஒரு வாய் தின்றுவிட்டு, "பத்து நாள் தாங்கும்" என்றாள். குழம்பைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை.

உனக்கு நான் என் சௌகரியத்துக்காக எழுதுவதாகப் படக் கூடாது. குழம்பு எப்படியோ போகட்டும். அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாத்திரையை நான் ஞாபகப்படுத்தாமல் ஒரு நாளும் போட்டதில்லை. புதுக் கட்டடம், புது ஆட்கள், இரும்புக் கதவு, பேச்சுக்கு ஒரு ஆள் இல்லை, நடுவில் மயக்கம் வந்து விழுந்தால் யார் பார்ப்பார்கள். பத்து நாள்தான் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பத்து நாளில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீளம் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு நானும் அவளும் சேர்ந்தாற்போல் மூன்று நாளுக்கு மேல் பிரிந்திருந்ததே இல்லை, அந்த மூன்று நாளும் உன் கல்யாணத்துக்காகத்தான்.

ஆகவே, மாப்ள, இந்தக் கடிதம் கண்டதும் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வா. திருவாதவூரில் நீங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்து நீ ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். "அக்கா, கட்டீரு" என்று நீ சொல். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லாதே, தற்செயலாக வந்ததாகச் சொல். புதன்கிழமைக்குள் வந்துவிடு. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவள் கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

உன் பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. எஸ்டேட்டில் எந்தப் பள்ளம் தோண்டினாலும் அவளை அந்தப் பக்கம் போகவிடாதே. கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன், படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள மாமன்,
சங்கிலி

பின்குறிப்பு: இன்றைக்கு, மேலே எழுதிப் பதினொரு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. மேலே உள்ளது எதையும் நான் தபாலில் போடவில்லை. ஊர் முழுக்கக் கடிதம் கொண்டு சேர்த்தவன், என் கடிதத்தைக் கொடுக்கக் கவுண்டர் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். நீ வந்து நின்றால் யார் எழுதினது என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்ற பயம். வியாழக்கிழமை அவள் போனாள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் வைத்த சோற்றை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை கோர்ட் திறந்ததும் தமிழ்வாணியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். நாலு நாள் முழுதாக முடிந்திருந்தது, மிச்சம் ஆறு நாளுக்கு ஆயிரத்து இருநூறு கட்டினால் போதும் என்றாள். கட்டினேன். சாயங்காலம் ஜெயில் கதவைத் திறந்து விட்டார்கள். பையோடு வெளியே வந்தவள், "யாரு கட்டுனது?" என்றாள். நான்தான் என்றேன். இந்தத் தடவை செருப்பைப் பார்த்துக் குனியாமல் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் முதலில் தமிழ்வாணிக்குப் போன் போட்டு, உள்ளே ஒரு பெண் இதே மாதிரி அபராதம் கட்டாமல் இருக்கிறாள், கொஞ்சம் கட்டினாலும் நாள் குறையும் என்று அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது, பேர் இது, ஊர் இது, நாளைக்கே போய்ப் பார் என்று சொன்னாள். பிறகு என்னிடம், "நாலு நாள் என் கணக்கு, ஆறு நாள் உங்க கணக்கு. அத நான் விட்டுத் தர மாட்டேன், அந்த ஆறு நாள எங்கயாச்சும் சும்மா இருந்தே தீருவேன்" என்றாள். இன்று காலை வெள்ளன ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். அவள் உன் வீட்டுக்குத்தான் வருகிறாள், இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பாள். ஆகவே நீ இங்கே வர வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். மாத்திரையை மட்டும் ஞாபகப்படுத்து, அடுப்படிப் பக்கம் விடாதே. வருகிற திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடு. ஆறு நாளுக்கு மேல் ஒரு நாள்கூட அவளை அங்கே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மாமா சொன்னதாகச் சொல்.